கரண்ட் போனாலும் கணக்கு போகக்கூடாது

சனிக்கிழமை காலையில் சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து நாகலூர் பக்கம் இருக்கும் ஒரு சின்ன காப்பித் தோட்டத்துக்குப் போய் வாரக் கூலிக் கணக்கு போட்டுக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. மற்ற நாட்களில் அம்மாபேட்டையில் டைப்பிங், டிடிபி என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பழம் பறிக்கும் மாதங்களில் மட்டும் சனிக்கிழமை மலைக்கு. யார் எந்த நாள் எத்தனை கிலோ பறித்தார், முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறார், அதில் இந்த வாரம் எவ்வளவு கழிக்கலாம், கையில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று 35 பேருக்குக் கணக்கு.

அந்த ஆபீசில் இருந்த பழைய டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க், பறிப்பு தொடங்குவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால் டக் டக் என்று சத்தம் போட்டுப் போய்ச் சேர்ந்தது. "பழம் வித்துக் காசு வரட்டும் தம்பி, அப்புறம் புதுசா வாங்கிக்கலாம்" என்றார் முதலாளி. மதர்போர்டு, 2 ஜிபி ராம், மானிட்டர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, 32 ஜிபி பென்டிரைவில் டெபியன் லைவ் (டிஸ்க்கில் நிறுவாமலேயே ஓடும் ஒரு லினக்ஸ்) ஏற்றி, எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்போடு அதிலேயே ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். பூட் ஆனது, லிப்ரே ஆபீஸ் திறந்தது, பிரிண்டர் கூட வேலை செய்தது. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

முதல் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். 28 பேர் கணக்கு முடிந்திருந்தது. பத்து வரிக்கு ஒரு முறை சேமித்துக்கொண்டேதான் வந்தேன். வெளியே மழை, மூடுபனி. பட்டென்று கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது, பீப் சத்தம் கூட வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து கரண்ட் வந்து பூட் செய்து பார்த்தால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் காலி. டெஸ்க்டாப் புதுப் பெண் மாதிரி பளிச்சென்று, யாரும் தொடாதது போல் இருந்தது. சேமித்த கோப்பு எப்படிக் காணாமல் போகும் என்று அப்போது எனக்கு விளங்கவே இல்லை. மேஸ்திரியின் எடை நோட்டு இருந்ததால் மறுபடி முதலில் இருந்து அடித்தேன். கூலி வாங்க வந்தவர்கள் இருட்டும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு. பனியில் அவர் மலைப்பாதையில் நடந்து போனதைப் பார்த்த பிறகு, இது எப்படி வேலை செய்கிறது என்று முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் இனி அந்த மெஷினைத் தொடக்கூடாது என்று தோன்றியது.

விஷயம் இதுதான். ஸ்கூலில் மேப் வரைய எண்ணெய் தடவிய தாளை அட்லஸ் மேல் வைத்து வரைந்திருப்போமே, லைவ் லினக்ஸும் அப்படித்தான். அடியில் இருக்கும் அட்லஸ் என்பது பென்டிரைவில் லைவ் என்ற ஃபோல்டரில் இருக்கும் ஒரே ஒரு பெரிய ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு. மொத்த சிஸ்டமும் அதில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்க மட்டுமே முடியும், ஒரு எழுத்தைக் கூட மாற்ற முடியாது. நாம் செய்கிற எதுவும், புதுக் கோப்போ, வால்பேப்பரோ, வைஃபை பாஸ்வேர்டோ, மேலே வைத்த எண்ணெய்த் தாளில்தான் பதிகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிற வேலையை ஓவர்லேஎஃப்எஸ் செய்கிறது, 2014-இல் வந்த 3.18-ஆம் லினக்ஸ் கெர்னலில் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இருந்து இது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த எண்ணெய்த் தாள் இருக்கும் இடம் ராம். கரண்ட் போனால் தாள் போய்விடும், அட்லஸ் அப்படியே இருக்கும். நான் பத்து வரிக்கு ஒரு முறை சேமித்ததெல்லாம் ராமுக்குள்ளேயே.

பெர்சிஸ்டன்ஸ் என்று சொல்வது அந்தத் தாளைப் பென்டிரைவிலேயே ஒரு பார்ட்டிஷனில் (தனியாகப் பிரித்த பகுதியில்) வைப்பது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, அட்லஸில் இருக்கும் ஒரு ஊர் வேண்டாம் என்றால் அட்லஸை அழிக்க முடியாது, தாளில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி மறைக்கத்தான் முடியும். அதனால் சிஸ்டத்தோடு வந்த கேம்ஸை எல்லாம் நீக்கினால் இடம் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள், ஒரு எம்பி கூட மிச்சம் ஆகாது. அதேபோல் அடியில் இருக்கும் ஒரு பெரிய கோப்பில் ஒரு வரி மாற்றினாலும் முழுக் கோப்பும் மேல் தாளுக்கு நகலாகி வந்துவிடும்.

டெபியனில் இதைச் செய்ய மூன்று விஷயம் வேண்டும். பென்டிரைவில் மிச்ச இடத்தில் லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 வடிவத்தில் ஒரு பார்ட்டிஷன், அதன் லேபிள் பெர்சிஸ்டன்ஸ் என்று இருக்க வேண்டும். அந்தப் பார்ட்டிஷனுக்குள் பெர்சிஸ்டன்ஸ் டாட் கான்ஃப் என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு, அதில் ஒரே வரி: ஒரு சாய்கோடு, ஒரு இடைவெளி, யூனியன் என்ற சொல். சாய்கோடு மட்டும் போட்டால் மொத்த சிஸ்டமும் என்று பொருள். சாய்கோட்டோடு ஹோம் என்று மட்டும் எழுதினால் நம் ஹோம் ஃபோல்டர் மட்டும் நிற்கும், புதிதாக நிறுவிய மென்பொருள் நிற்காது. மூன்றாவது, பூட் ஆகும்போது கெர்னலுக்குப் போகும் கட்டளை வரியில் பெர்சிஸ்டன்ஸ் என்ற சொல் இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் நான் இரண்டு முறை இடறினேன். முதல் முறை, உபுண்டுவுக்கு எழுதப்பட்ட குறிப்பைப் பார்த்து பெர்சிஸ்டன்ட் என்று அடித்துவிட்டேன். உபுண்டுவுக்கு அதுதான் சரி, அங்கே பார்ட்டிஷன் லேபிளும் வேறு, முன்பு காஸ்பர்-ஆர்டபிள்யூ, பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டபிள். டெபியனுக்கு கடைசியில் 'டன்ஸ்' வர வேண்டும், 'டன்ட்' வந்தால் ஆகாது. கொடுமை என்னவென்றால் கெர்னல் தனக்குத் தெரியாத சொல்லைப் பார்த்தால் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது, பேசாமல் பூட் ஆகிவிடும். நீங்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி வேலை செய்வீர்கள், எழுதுவதெல்லாம் ராமில் போய்க்கொண்டிருக்கும். அதனால் இப்போது யாருக்குச் செய்து கொடுத்தாலும் முதலில் டெஸ்க்டாப்பில் ஒரு வெற்று ஃபோல்டர் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, அது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலையைத் தொடச் சொல்கிறேன்.

இரண்டாவது இடறல் இன்னும் மோசம். ஐஎஸ்ஓவை, அதாவது இறக்கிய டெபியன் கோப்பை, அப்படியே டிடி என்ற நகல் கட்டளையால் பென்டிரைவில் எழுதினால் அந்தப் பகுதி சிடி மாதிரி, படிக்க மட்டுமே முடியும், பூட் மெனுவைத் திருத்தி அந்தச் சொல்லை நிரந்தரமாகப் போட முடியாது. ஒவ்வொரு முறையும் மெனு வரும்போது டேப் விசையைத் தட்டி, வரியின் கடைசியில் அந்தச் சொல்லைக் கையால் அடிக்க வேண்டும் (யுஈஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் புதிய மெஷினாக இருந்தால் 'ஈ' விசை). நான் அடித்துவிடுவேன். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல், அக்கா பையனை அனுப்பினேன். "மாமா, எல்லாம் அடிச்சிட்டேன், சம்பளமும் கொடுத்தாச்சு" என்று போனில் சொன்னான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அந்த வாரம் முழுக்க இல்லை. டேப் தட்டி ஒரு சொல் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன்தான், ஆனால் அதை ஒரு மனிதனின் ஞாபகத்தில் விடுவதே தப்பு. பிரிண்ட் எடுத்த தாள் இருந்தது, அதை வைத்துத் திரும்ப ஏற்றினேன்.

அதற்குப் பிறகு ஐந்து ரோடு பக்கம் கடை வைத்திருக்கும் நண்பனின் விண்டோஸ் மெஷினில் உட்கார்ந்து ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் புதிதாக இன்னொரு 32 ஜிபி பென்டிரைவில் எழுதினேன். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன் எவ்வளவு பெரியது என்று கேட்கும் ஒரு ஸ்லைடர் வரும், அதை நகர்த்தினால் போதும், லேபிள், கான்ஃப் கோப்பு, பூட் வரியில் சேர்க்க வேண்டிய சொல் எல்லாவற்றையும் அதுவே போட்டுவிடும். இனி யார் பட்டனைத் தட்டி ஆன் செய்தாலும் கணக்கு நிற்கும். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

சரி, இனி பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் பூட் ஆகி, டெஸ்க்டாப் வராமல், லாகின் திரை வந்தது. டெபியன் லைவில் பெயர் யூசர், பாஸ்வேர்டு லைவ். அதைப் போட்டேன், ஒரு நொடி கறுத்து மறுபடி லாகின் திரைக்கே வந்து நின்றது. மூன்று முறை, நான்கு முறை. வெளியே மேஸ்திரி "என்ன தம்பி, லேட் ஆகுமா?" என்கிறார். பூட் மெனுவில் பெர்சிஸ்டன்ஸ் என்ற சொல்லை அழித்துவிட்டு பூட் செய்தேன், வெறும் அட்லஸ் மட்டும் வந்தது. அங்கிருந்து அந்தப் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து (திறந்து) பார்த்தால் நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. நான் ஒதுக்கியது 4 ஜிபி. இடம் இல்லாவிட்டால் டெஸ்க்டாப் தொடங்கும்போது எழுத வேண்டிய சின்னக் கோப்புகளைக் கூட எழுத முடியாது, அதனால்தான் உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது.

அந்தப் பார்ட்டிஷனைத் திறந்தால் ஆர்டபிள்யூ என்று ஒரு ஃபோல்டர் தெரியும், நாம் இதுவரை செய்த மாற்றம் எல்லாம் அதற்குள் அச்சு அசலாக இருக்கும். எண்ணெய்த் தாளைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மாதிரி. நான் நிறுவிய தமிழ் எழுத்துரு, தமிழ் அடிக்க உதவும் ஐபஸ் அமைப்பு, கணக்குக் கோப்பு எல்லாம் சேர்ந்தால் சில நூறு எம்பி. மிச்சத்தை நிரப்பியிருந்தது என்ன தெரியுமா? போன வாரம் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு நான் ஓட்டிய மொத்த சிஸ்டம் அப்டேட். அட்லஸில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருளின் புதுப் பதிப்பு எல்லாம் மேல் தாளில் இன்னொரு முறை வந்து உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு புதுக் கெர்னலும் இருந்தது, அது ஒன்றுக்கும் உதவாது, ஏனென்றால் பூட் ஆகிற கெர்னல் வெளியே லைவ் ஃபோல்டரில் இருப்பதுதான், தாளில் இருப்பதை அது பார்ப்பதே இல்லை. அதற்கு மேல் ஃபயர்ஃபாக்ஸ் கேஷ் (தற்காலிகக் கோப்புகள்), அப்டேட்டுக்காக இறக்கிய பொதிகள். கேஷ் ஃபோல்டர்களை மட்டும் ரூட்டாக (முழு உரிமை உள்ள பயனராக) இருந்து அழித்தேன், டெஸ்க்டாப் திறந்தது, அன்றைய கூலி கொடுத்தாகிவிட்டது. (சிஸ்டம் ஃபோல்டர்களை அங்கிருந்து கண்டபடி அழித்துவிடாதீர்கள், கேஷ் மட்டும்தான்.) அன்றிலிருந்து பென்டிரைவ் லினக்ஸில் மொத்த அப்டேட் செய்வதை விட்டுவிட்டேன். பிரவுசருக்கு மட்டும் புதுப் பதிப்பு போடுவேன். பெரிய மாற்றம் வேண்டுமென்றால் புது ஐஎஸ்ஓ இறக்கி முதலில் இருந்து எழுதுவேன். ஃபயர்ஃபாக்ஸில் அபவுட் கான்ஃபிக் பக்கத்துக்குப் போய் டிஸ்க் கேஷை அணைத்தும் வைத்திருக்கிறேன்.

அந்த லாகின் திரை முன்னால் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. என் டெஸ்க்டாப் அலங்காரமும் 35 பேரின் கூலிக் கணக்கும் ஒரே தாளில் இருந்தன. அலங்காரம் வீங்கியதால் கணக்கைத் திறக்க முடியாமல் போனது. இது இரண்டும் வேறு வேறு சாமான். எழுத்துரு, விசைப்பலகை, பிரிண்டர், பேனல் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் போனால் ஒரு மணி நேரத்தில் மறுபடி செய்துகொள்ளலாம். கணக்கு போனால், அது எனக்கு மட்டும் நஷ்டம் இல்லை. முன்பணம் கழித்தாயிற்றா இல்லையா என்று ஒரு வரி தவறினால் ஒருவருடைய வீட்டில் அந்த வாரம் அரிசி குறையும்.

அதனால் பழைய பென்டிரைவில் பூட் செய்து, புதியதை ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் திறந்து, ரூஃபஸ் போட்ட ஃபேட்32 பகுதியைச் சுருக்கி மூன்றாவதாக ஒரு பார்ட்டிஷன் போட்டேன், பெயர் கணக்கு. இதற்கும் ஓவர்லேவுக்கும் சம்பந்தம் கிடையாது, சாதாரணப் பார்ட்டிஷன், எந்த லினக்ஸ் மெஷினில் செருகினாலும் திறக்கும். அதைக் க்னோம் டிஸ்க்ஸ் என்ற கருவி மூலம் லக்ஸ் என்ற குறியாக்கப் பூட்டுப் போட்டு வைத்தேன். பஸ்ஸில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்குகிற சாமான் அது, அடிவாரத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ விழுந்தால் 35 பேரின் பெயரும் பேங்க் நம்பரும் கடன் தொகையும் யார் கையிலோ போகும், அவர்கள் என்னை நம்பிக் கொடுத்தது அது. ஃபைல் மேனேஜரில் அந்தப் பார்ட்டிஷனைக் க்ளிக் செய்தால் பாஸ்வேர்டு கேட்கும், போட்டால் திறக்கும், இதைவிட எளிது இல்லை. லிப்ரே ஆபீஸில் சேமிக்கும் இடமாக அதையே வைத்துவிட்டேன். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை நான் இப்போது தொடுவதே இல்லை.

வேறு வழிகளையும் பார்த்தேன். பப்பி லினக்ஸ் ரொம்ப லேசானது, பழைய மெஷினில் பறக்கிறது, ஆனால் பென்டிரைவில் அது வேலை செய்யும் முறை, மாற்றங்களை ராமில் வைத்திருந்து அவ்வப்போதும் ஷட்டவுன் செய்யும்போதும் சேவ் ஃபைலுக்கு எழுதுவது. பென்டிரைவின் ஆயுளுக்கு அது நல்லதுதான். மழைக்காலத்தில் சொல்லாமல் கரண்ட் போகிற மலையில் எனக்கு அது ஒத்துவராது. எம்எக்ஸ் லினக்ஸில் பெர்சிஸ்டன்ஸ் பூட் மெனுவிலேயே இருக்கிறது, மேல் தாளையும் அட்லஸையும் சேர்த்துப் புது அட்லஸ் ஆக்கிக்கொள்ளும் ரீமாஸ்டர் வசதியும் உண்டு, புதிதாகத் தொடங்குகிறவர் அதைப் பார்க்கலாம். உபுண்டுவில் பார்ட்டிஷன் போடாமல் ஃபேட்32-இல் ஒரு கோப்பாகவே பெர்சிஸ்டன்ஸ் வைக்கலாம், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பது நினைவிருக்கட்டும்.

பெர்சிஸ்டன்ஸ் இருந்தால் கரண்ட் போனாலும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். சேமி என்று அழுத்தியதும் எழுத்து உடனே பென்டிரைவுக்குப் போவதில்லை, கெர்னல் அதை அரை நிமிடம் வரை கூட ராமில் வைத்திருக்கலாம். சிங்க் என்று டெர்மினலில் அடித்தால் அப்போதே தள்ளிவிடும். நான் டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் வைத்திருக்கிறேன், பெயர் 'வீட்டுக்குப் போறேன்'. அதைத் தட்டினால் கணக்குப் பார்ட்டிஷனை ஆர்சிங்க் மூலம் இன்னொரு பென்டிரைவுக்கு நகல் எடுக்கும், சிங்க் ஓடும், பிறகு மெஷின் அணையும். மூன்று வரி ஸ்கிரிப்ட். அக்கா பையனுக்கும் மேஸ்திரிக்கும் அது ஒன்றுதான் சொல்லிக் கொடுத்தது. விளக்கு அணைவதற்குள் பென்டிரைவை உருவுவதை மட்டும் யாரும் செய்யக்கூடாது என்று மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நகல் பென்டிரைவும் பூட்டுப் போட்டதுதான், அது ஆபீஸ் பீரோவில் இருக்கும். மூன்றாவது நகல் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மெஷினில்.

அலங்காரத்துக்குத் தனியாக ஒரு டெக்ஸ்ட் கோப்பு. சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்: ஐபஸ்-எம்17என் நிறுவு, அதில் தமிழ்99 தேர்ந்தெடு, ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல் பொதியை நிறுவு, கூடுதல் எழுத்துருவை ஹோமில் டாட் லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் போடு, நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா, பிரிண்டர் மாடல் இது. பேனல் அமைப்பு, ஷார்ட்கட் எல்லாம் ஹோமில் டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் எக்ஸ்எஃப்சிஇ4 என்று இருக்கிறது, அதை அப்படியே நகல் எடுத்துக் கணக்குப் பார்ட்டிஷனிலேயே ஒரு ஓரத்தில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை பென்டிரைவ் செத்தது. செருகினால் விளக்கே வரவில்லை. நாள் முழுக்க ஓடும் சிஸ்டத்தின் எழுத்து வேலையைத் தாங்குகிற சாமான் இல்லை அது, ஒரு நாள் போகும் என்று தெரியும். ஹார்ட் டிஸ்க் போனபோது வாங்கிய முதல் பென்டிரைவ் பையில் இருந்தது, டேப் தட்டிச் சொல்லை அடித்து பூட் செய்தேன், பீரோவில் இருந்த நகலைத் திறந்தேன், குறிப்புக் கோப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தேன். ஏற்காடு டவர் சிக்னலில் பொதிகள் இறங்கத்தான் நேரம் எடுத்தது. பன்னிரண்டரைக்கு முதல் பெயரை அடித்தேன், நாலு மணிக்குக் கூலி கொடுக்க ஆரம்பித்தோம், ஒரு வரி கூடக் காணாமல் போகவில்லை.

ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. பெயர்களைச் சீக்கிரம் அடிக்க லிப்ரே ஆபீஸில் ஆட்டோ கரெக்ட் போட்டு வைத்திருந்தேன், இரண்டு எழுத்து அடித்தால் முழுப் பெயரும் தகப்பனார் பெயரும் வந்துவிடும். அது குறிப்பில் இல்லை, நகலிலும் இல்லை. அன்றைக்கு 35 பெயரையும் முழுசாக அடித்தேன். அந்தக் கோப்பு இருக்கும் இடம் ஹோமில் டாட் கான்ஃபிக், லிப்ரேஆபீஸ், 4, யூசர், ஆட்டோகார். அன்று சாயங்காலமே அந்த வரியைக் குறிப்பில் சேர்த்து, ஃபோல்டரை 'வீட்டுக்குப் போறேன்' ஸ்கிரிப்டிலும் சேர்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.